பிரசவத்திற்குப்பின் உண்டாகும் மலச்சிக்கலும் அதன் பரிகாரமும்

(கூத்தாநல்லூரில் கூடிய நம் சங்க மாதர் கூட்டத்தில் ஓர் ஓய்வுபெற்ற தாதி நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று நம் சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபொழுது, "எந்த விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று வினவினார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சற்று மௌனமாயிருந்து, "அழைப்பிதழில் 'தாய்மாரின் தேக சுகம்' என்று பொதுவாக அச்சிட்டுவிடலாமா, அம்மா?" என்று மெல்லக் கேட்டார். அவர் மீது குறை கூற நான் வரவில்லை. அவருடைய கூச்சம் நம் எல்லோருக்கும் உள்ள கூச்சமே. ஆனால், பேர் சொல்லவும் கூசுகின்ற அந்த நோயை நம் பெண்மக்கள் பேர் சொல்லாமலே அனுபவித்துக்கொண்டு வருகிறார்கள். அக்காரணம் பற்றியே இன்று நான் அதன் பேரைச் சொல்லிப் பேசத் துணிந்தேன்.

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஆணா பெண்ணா என்கிறார்கள். எடை என்ன என்கிறார்கள். யாருடைய சாயல் என்கிறார்கள். பால் இருக்கிறதா என்கிறார்கள். நம் ஊரிலிருந்து கடல் கடந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பொருளீட்டுவோர் பலர். அங்குள்ள தகப்பன்மார் நாள்தோறும் தொலைபேசியில் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பூரிக்கிறார்கள். ஆனால், "உனக்கு வயிறு சரியாகப் போகிறதா?" என்று அந்தப் பெண்ணை ஒருவரேனும் கேட்பதுண்டா? குழந்தைக்கு ஒரு நாள் மலம் கழியாவிட்டால் வீடு முழுவதும் கலங்குகிறது. தாய்க்கு ஆறு நாள் கழியாவிட்டாலும் அறிவாரில்லை. அவளும் சொல்வதில்லை.

நான் முப்பது வருஷத்திற்கு மேல் பிரசவ விடுதிகளில் தாதியாக வேலை செய்தவள். எனினும் இந்த நோயை நான் முதலில் கற்றது ஆஸ்பத்திரியில் அன்று; என் தாயார் வீட்டு அறையிலேதான். எனக்கு முதற் பிள்ளை பிறந்தபோது வயது இருபது. சித்திரை மாதத்து வெயில். அறைக்கு வெளியே அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. "அம்மா, ஒரு வாய் தண்ணீர் கொடு" என்று நான் கெஞ்சினேன். "பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துப்போகும், புண் சீழ் கோத்துக்கொள்ளும். இன்னும் இரண்டு நாள் பொறு, கண்ணே" என்றாள் என் தாய். வேளைக்கு அரை ஆழாக்கு வெந்நீர்தான் கிடைத்தது. வறுத்த பூண்டும், துவையலும், சுட்ட அப்பளமுமே சோற்றுக்குத் துணை. கீரை குளிர்ச்சி என்றும், பழம் சீதளம் என்றும் விலக்கப்பட்டன. என் தாய் கொடுமைக்காரி அல்லள். அவள் தன் உயிரினும் மேலாக என்னை நேசித்தாள். தன் தாய் தனக்குச் செய்ததையே எனக்கும் செய்தாள்.

ஆறு நாள் எனக்கு மலம் கழியவில்லை. ஏழாம் நாள் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அன்று பட்ட பாட்டைச் சபையில் விவரிக்க வேண்டியதில்லை; பிள்ளை பெற்ற நோவு அதனினும் இலேசாயிருந்தது என்று மட்டும் சொல்லுகிறேன். ஆசனவாயில் வெடிப்புக் கண்டு இரத்தம் கசிந்தது. மறுபடியும் அந்த நோவு வருமே என்று பயந்து நான் சாப்பாட்டைக் குறைத்தேன். குறைத்ததனால் மலம் மேலும் இறுகிற்று. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரவும் முடியாமல் ஒருக்களித்துக் கிடந்து அழுதேன். ஐந்து மாதம் அப்படிக் கழிந்தது. கண்டவர்களெல்லாம், "முதற் பிள்ளையல்லவா, தாய்வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் அழுகிறாள்" என்றார்கள். இது யாதொரு பெரிய வியாதியும் அன்று. எளிதில் தடுக்கக் கூடியது. ஆதலால்தான் நினைக்கும்பொழுது எனக்கு இன்றும் வருத்தமாயிருக்கிறது.

நிற்க. இந்நோய் எவ்வாறு உண்டாகிறதென்பதை அறிந்தால் அதை நீக்கும் வழி தானே புலப்படும். நம் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்தது. கடைமடை என்றால் என்னவென்று நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் வெடிப்பது கடைமடை வயலே. நம் தேகத்திலும் பெருங்குடல் கடைமடை போன்றது. உண்ட உணவின் சத்தைச் சிறுகுடல் ஏற்றுக்கொண்டபின், எஞ்சிய சக்கை குழம்பாகப் பெருங்குடலுக்கு வருகிறது. அதிலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சி இரத்தத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. தேகத்தில் நீர் போதாதபோது அது மேலும் உறிஞ்சுகிறது. சக்கை அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு வறண்டு கட்டியாகிறது. எனவே, நீர்க்குறைவு ஒன்று, தாமதம் ஒன்று, ஆக இவ்விரண்டுமே மலபந்தத்திற்கு மூலகாரணங்கள்.

பிரசவித்த பெண்ணிடத்தில் இவ்விரண்டும் ஒருங்கே கூடுகின்றன. கர்ப்பகாலத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர் மிகுந்து குடலின் அசைவை மந்தப்படுத்துகிறது. பிரசவ வேதனையில் பல மணி நேரம் ஆகாரமும் நீரும் இறங்குவதில்லை; வேர்வையாலும் இரத்தப்போக்காலும் நீர் குறைகிறது. இடுப்பின் அடித்தளத் தசைகள் விரிந்து தளர்ந்து, முக்கும் பலமும் குறைகிறது. கீழே தையல் போட்டிருந்தால், அது பிரிந்துவிடுமோ என்ற பயத்தால் அவள் மலத்தை அடக்குகிறாள். கர்ப்பத்தில் தோன்றிய மூலம் வேறு உறுத்துகிறது. வலிக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் சில குடலை அயரச் செய்கின்றன. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் சிசேரியன் முறையில் மயக்க மருந்தும் படுக்கையும் சேர்ந்துகொள்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியனாயிருந்தன. ஆகவே இது யாரோ ஒருத்தியின் சங்கடம் என்று தள்ளத் தக்கதன்று.

இத்தனைக்கும் மேலாக, பால் சுரக்கத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் 100 பங்குக்குச் சுமார் 87 பங்கு தண்ணீரே. நன்றாகப் பால் ஊறிய தாய் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் கொடுக்கிறாள். அந்த நீர் எங்கிருந்து வரும்? தலைமடையில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டு, ஆற்றுக்கு வரும் தண்ணீரையும் அடைத்துவிட்டால் கடைமடை காயாமல் என் செய்யும்? நாம் பிரசவ அறையில் செய்வது இதுவேயன்றோ!

பத்தியம் முழுவதும் தவறென்று நான் சொல்லவில்லை. நம் பாட்டிமார் கண்டறிந்தவற்றில் பல நன்மையானவை. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள்; வேளைக்குச் சுடச்சுட ஆகாரம் கொடுத்தார்கள்; காய்ச்சிய நீரையே கொடுத்தார்கள்; பூண்டும் மிளகும் சீரகமும் சேர்த்துச் சுவைபடச் சமைத்தார்கள். இவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரை அளந்து கொடுப்பதற்கும், கீரையையும் பழத்தையும் விலக்குவதற்கும் ஆதாரம் யாதொன்றும் இல்லை. குடித்த நீர் கர்ப்பப்பைக்கோ தையற் புண்ணுக்கோ போய்த் தேங்குவதில்லை. அது குடலினின்று இரத்தத்தில் கலந்து, வேண்டிய அளவு நின்று, மிகுதி சிறுநீராக வெளிப்பட்டுவிடுகிறது. புண் சீழ் கோப்பது கிருமியினால், தண்ணீரினால் அன்று. வயிறு பெரிதாய்த் தோன்றுவது கர்ப்பப்பை சுருங்கச் சுமார் ஆறு வாரம் ஆவதாலும், தசைகள் தளர்ந்திருப்பதாலுமே. தாய் தின்ற கீரையால் குழந்தைக்கு மாந்தம் வருமென்பதும் வீண் பயமே.

இனிப் பரிகாரங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது தண்ணீர். பால் கொடுக்கும் தாய்க்கு உணவிலுள்ள நீரும் உட்பட ஒரு நாளைக்குச் சுமார் 2.7 லிட்டர் வேண்டுமென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் 2010ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். குளிர்ந்த நாட்டாரின் கணக்கு அது. நம் வெயிலில் இன்னும் கூடுதலாகவே வேண்டியிருக்கும். அளவுபாத்திரம் வேண்டாம். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு குவளை, தாகம் எடுத்தபோதெல்லாம் ஒரு குவளை என்று பழகினால் போதும். காய்ச்சி ஆறிய நீர், கஞ்சி, மோர், ரசம், இளநீர் யாவும் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிர் நிறமாயிருப்பதே போதுமானதற்கு அடையாளம். இருதய நோய், சிறுநீரக நோய், கடுமையான இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவின்படி நடக்கக் கடவர்.

இரண்டாவது ஆகாரம். டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்து தேசத்து அறுவை வைத்தியர் ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். முரட்டுத் தானியமும் கிழங்கும் உண்ணும் கிராமத்தாருக்கு மலபந்தம் அரிதென்றும், சுத்திகரித்த மாவை உண்ணும் மேல்நாட்டாருக்கு அது மிகுதியென்றும் கண்டு, உணவின் நாரே அதற்குக் காரணமென்று 1970களில் அவரும் அவருடைய தோழர்களும் உலகறியச் செய்தனர். நமக்கு இது புதிதன்று. உரலில் குத்திய அரிசியைத் தின்ற காலத்தில் தவிடு கொஞ்சம் சோற்றோடு உள்ளே போயிற்று. ஆலைகள் வந்து அரிசியை மல்லிகைப் பூவாக்கிவிட்டன. தவிடு மாட்டுக்குப் போயிற்று. நெல் விளையும் சீமையில் வெள்ளைச் சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகையால் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள் என்றே சொல்லுகிறேன்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும். அதற்குக் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, புடல், முருங்கைக் கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி யாவும் நம் கொல்லையிலேயே உண்டு. தோலோடு கூடிய பச்சைப் பயறு, காலையில் கேழ்வரகு, இரவில் பூவன் பழமோ கொய்யாவோ பப்பாளிப் பழமோ கொடுங்கள். உலர்ந்த திராட்சை பத்துப் பன்னிரண்டை இரவில் ஊறவைத்துக் காலையில் அந்நீரோடு கொடுக்கலாம். பிரசவித்த அன்றே எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். நாளுக்கு நாள் கூட்டுக. நாரைக் கூட்டி நீரைக் குறைத்தால் சிக்கல் அதிகப்படுமேயன்றிக் குறையாது என்பதையும் மறவாதீர்கள்.

மூன்றாவது நடை. சுகப் பிரசவமானால் அன்றே எழுந்து அறைக்குள் சில அடி நடக்கலாம். சிசேரியன் ஆனவர்களையும் வைத்தியர்கள் மறுநாளைக்குள் எழுப்பி நடக்கச் செய்கிறார்கள். நடை குடலை எழுப்புகிறது. காலில் இரத்தம் உறைவதையும் தடுக்கிறது. நாற்பது நாள் படுத்தே கிடக்க வேண்டுமென்பது ஓய்வாகாது. வீட்டு வேலையினின்று விடுதலையே ஓய்வு.

நான்காவது காலமும் இருக்கையும். வயிற்றில் ஆகாரம் விழுந்தவுடன் பெருங்குடல் இயல்பாக அசையும். காலை ஆகாரத்திற்குப்பின் அவ்வசைவு மிகுதி. அந்த வேளையில் தாய்க்குக் கால்மணி நேரம் அவசரமின்றிக் கிடைக்க வேண்டும். அப்பொழுது குழந்தையை யாரேனும் வாங்கிக்கொள்ளுங்கள். "இதோ வருகிறேன்" என்று ஒருமுறை அடக்கினால் உணர்ச்சி மங்கிப்போகும். முற்காலத்தில் நம் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக் காத்திருந்தார்கள். இன்று வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருந்தும் அடக்குவது எதற்கு? குந்தி உட்கார்வதில் மலத்தின் வழி நேராகிறது. தையலின் காரணமாக நாற்காலி போன்ற மேல்நாட்டுக் கழிப்பறையில் உட்காருகிறவர்கள், பாதத்தின் கீழ் ஒரு மணையை வைத்து முழங்காலை உயர்த்தி, முன்னே சாய்ந்து உட்கார்ந்தால் அதே பயன் உண்டாகும். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம். வாயால் மெல்ல மூச்சை விட்டபடி வயிற்றைத் தளர்த்துங்கள்.

ஐந்தாவது பயத்தை நீக்குதல். மலம் கழிப்பதனால் தையல் பிரியாது. இதை நான் எத்தனையோ பெண்களுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். சுத்தமான மெல்லிய துணியை மடித்துத் தையலின்மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டால் தைரியம் வரும். சிசேரியன் ஆனவர்கள் ஒரு சிறு தலையணையை வயிற்றுத் தையலின்மேல் அணைத்துக்கொள்ளலாம். மூலமோ வெடிப்போ இருந்தால் அகன்ற பாத்திரத்தில் இளஞ்சூடான நீர் விட்டுப் பத்து நிமிஷம் அதில் உட்கார்ந்தால் வலி தணியும். முதல் தடவை கழிவது இரண்டு மூன்று நாள் கழித்தே ஆகலாம். அதற்காகக் கலங்க வேண்டாம்.

ஆறாவது மருந்து. மேற்சொன்னவற்றால் மூன்று நாளிலும் பயனில்லையானால் வைத்தியரையோ கிராம சுகாதாரத் தாதியையோ கேளுங்கள். இசப்கோல் உமியை ஒரு குவளை நிறைய நீரோடு உட்கொள்வது எளிய வழி. லாக்டுலோஸ் என்னும் பாகு மருந்து குடலில் நீரை நிறுத்தி மலத்தை இளக்குகிறது. அது இரத்தத்தில் பெரும்பாலும் கலவாததால் பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்கிறார்கள். நம் திருநெல்வேலிச் சீமையின் பேராலேயே மேல்நாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்ற நிலாவாரை, குடலை முடுக்கும் மருந்து. அது வயிற்றை முறுக்கிப் பிடிக்கவும் கூடும். வைத்தியர் சொன்ன அளவில் சில நாளே அதைக் கொள்ளுதல் நலம். விளக்கெண்ணெயை எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை அது பேதியாக்கி மேலும் வற்றச் செய்யும்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் 180 நாளும் பிரசவத்திற்குப்பின் 180 நாளும் தினம் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை ஒன்று சர்க்காரால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அது மலத்தைக் கறுப்பாக்கும்; சிலருக்குக் கட்டவும் செய்யும். அதற்காகப் பல பெண்கள் அதைக் கொல்லையில் எறிந்துவிடுகிறார்கள். அது பெருந்தவறு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். மாத்திரையை நிறுத்தாமல் நீரையும் கீரையையும் கூட்டுங்கள். அப்படியும் முடியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

வரும்முன் காப்பதே விவேகம். நான் சொன்ன தண்ணீரும் கீரையும் நடையும் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திற்குள்ளாகவே பழக்கமாகிவிட வேண்டும். வளைகாப்பில் வைக்கும் சித்திரான்னங்களுக்கு நடுவே ஒரு சீப்புப் பழத்தையும் வைத்து, "இனிமேல் இது தினமும் உண்டு" என்று மாமியார் சொல்வாராயின், அதைவிட நல்ல ஆசீர்வாதம் வேறில்லை.

சில குறிகளைக் கண்டால் கைவைத்தியம் கூடவே கூடாது. மலத்தோடு மிகுந்த இரத்தம் போதல், காய்ச்சல், வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் வாந்தி வருதல், தையலில் வலி நாளுக்கு நாள் மிகுதல் இவை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. பிரசவத்திற்குப்பின் சிலருக்குக் காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமற்போகும். அது தசை கிழிந்ததன் அடையாளமாயிருக்கலாம். வைத்தியம் உண்டு; பயிற்சியும் உண்டு. அதைக் கணவனிடமும் சொல்லாமல் வருஷக்கணக்காக மறைத்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். விசேஷ வீடுகளுக்குப் போவதையே அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

இந்த மௌனம் நம் ஊருக்கு மட்டும் உரியதென்று எண்ணாதீர்கள். பிரசவித்தவர்க்கு மலபந்தம் வராமல் தடுப்பதைப் பற்றி உலகில் நடந்த பரிசோதனைகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டத்தார் தேடி 2020ஆம் ஆண்டில் தொகுத்தனர். தகுதியுள்ளவையாகக் கிடைத்தவை ஐந்தே. அவற்றிற் சேர்ந்த தாய்மார் 1,208 பேர். அவை யாவும் பேதி மருந்துகளையும் மலம் இளக்கும் பொருள்களையும் பற்றியவை. தாய்க்குக் கற்பிப்பதையும் அவள் பழக்கங்களைத் திருத்துவதையும் ஆராய்ந்தது ஒன்றுமில்லை. மருந்துகளைப் பற்றியும் திடமான முடிவு சொல்லப் போதிய ஆதாரமில்லையென்றே அவர்கள் எழுதினர். எத்தனையோ கோடிப் பெண்கள் பிள்ளை பெற்றும், அவர்களை இதுபற்றிக் கேட்டறிந்தவர்கள் இவ்வளவு சிலரே! ஆராய்ச்சி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தாகமெடுத்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லாது.

சகோதரர்களே! இவ்வளவும் பெண்கள் விஷயமென்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் மனைவியிடம், உங்கள் மகளிடம், கூசாமல் கேளுங்கள். கடல் கடந்திருப்பவர்கள் தொலைபேசியிலே கேளுங்கள். கேட்டால் அவள் சொல்வாள்.

தாய்மார்களே! என் தாய் இறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன், என் தங்கையின் பிரசவத்திற்கு நாங்கள் இருவரும் கூடவிருந்தோம். நான் ஒன்றும் வாதாடவில்லை. கட்டிலருகே ஒரு செம்பு நிறையக் காய்ச்சிய நீரை வைத்தேன். என் தாய் செம்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். சற்று நேரங்கழித்து, அவளே குவளையில் ஊற்றி, தங்கையின் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கச் செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அன்று நீ கேட்டபோது கொடுத்திருக்கலாம்" என்றாள்.

பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியின் கட்டிலருகேயும் அப்படி ஒரு செம்பு இருக்க வேண்டும். நம் சங்கத்தார் இதை வீடுதோறும் சொல்வார்களானால் இன்று நான் கூச்சத்தை விட்டுப் பேசியது வீண்போகாது. காரியதரிசி அவர்களும் கடைசியில் அழைப்பிதழில் விஷயத்தின் பேரை உள்ளபடியே அச்சிட்டுவிட்டார்.